நடுவில் நிற்பவனுக்குக் கை இல்லை

பனிமேட்டில் சமதளம் என்று சொல்லத்தக்க இடம் ஒன்றே ஒன்றுதான். தேயிலைத் தொழிற்சாலைக்குப் பின்னால் மலையை வெட்டிச் சமன் செய்த அந்த இடத்தில் ஒரு ரக்பி கழகம் இருந்தது. கழகத்துக்கு ஒரு பயிற்றாசிரியை இருந்தார். பெயர் தெக்லா. மகளிர் அணியில் முன்வரிசையின் நடுவில் நின்று ஆடியவர். ஆட்டக்காரர்கள் அவரை அக்கா என்று அழைத்தார்கள். அவர் சொல்லை மறுத்தவர் எவரும் இல்லை. உடனே புரிந்துகொண்டவரும் இல்லை.

அணித்தலைவன் தணிகைநாதன் அவரைவிடச் சில ஆண்டுகளே இளையவன். மலைப்பாதைப் பேருந்தில் நடத்துநர். களத்தில் ஓரமாக ஓடுபவன். காற்றைப் போல ஓடுவான் என்று ஊர் சொல்லும்.

கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. பயிற்சி முடிந்ததும் எல்லோரும் தோளோடு தோள் பிணைத்து வட்டமாக நிற்பார்கள். தலைவன் உரக்கக் கேட்பான்:

"யாருக்கு வலி?"

"யாருக்கும் இல்ல!"

அந்த முழக்கம் பேருந்து நிலையம்வரை கேட்கும். கடைக்காரர்கள் ஒரு கணம் கையை நிறுத்திப் பெருமையோடு புன்னகைப்பார்கள். யார் தொடங்கிய வழக்கம் என்று எவருக்கும் நினைவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மாலை முழக்கம் எழுந்தபோது சவரிமுத்துவின் உதடுகள் மட்டுமே அசைந்தன. தணிகை அதைப் பார்த்தான். பார்க்காதவன்போல் தேநீர் வாங்கப் போனான்.

தேநீர் குடிக்கும்போது எவரும் தலையைச் சற்றே பின்னுக்குச் சாய்ப்பார்கள். சவரி சாய்க்கவில்லை. டம்ளரை உயர்த்தி, இடுப்பை வளைத்து, உடம்பு முழுவதையும் பின்னுக்குக் கொண்டுபோய்க் குடித்தான். யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் கழுத்தைத் திருப்பாமல் கால்களைத் திருப்பினான்.

தணிகை சட்டென்று பார்வையைத் தன் டம்ளருக்குள் இறக்கிக்கொண்டான்.

அதற்குக் காரணம் இருந்தது. ரக்பியில் ஆட்டம் தடைப்பட்டால், இரு அணியிலும் எட்டெட்டுப் பேர் குனிந்து, தலையோடு தலை கோத்து, இடையில் உருட்டிவிடும் பந்துக்காகத் தள்ளுவார்கள். அதற்கு ஸ்க்ரம் என்று பெயர். முன்வரிசையில் மூவர். அந்த மூவரில் நடுவில் நிற்பவன் தன் இரு கைகளையும் இருபுறத்துத் தோழர்களின் தோள்மேல் போட்டுவிட வேண்டும். முகத்தில் ஈ உட்கார்ந்தால் ஓட்டுவதற்குக்கூட அவனுக்குக் கை கிடையாது. எதிரணி எண்மரின் எடை முன்னாலிருந்து வரும். தன் ஆட்களின் எடை பின்னாலிருந்து வரும். இரண்டும் சந்திக்கும் இடம் அவன் கழுத்து.

சவரி நடுவில் நிற்பவன். சென்ற ஆட்டத்தில் கழுத்து பிசகியதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. அவனுக்கு மாற்றாக நிற்கத் தெரிந்த ஒரே ஆள் தோள்பட்டை எலும்பு முறிந்து வீட்டில் கிடந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மலையேறி வரப்போவது நெய்தல்துறை அணி. துறைமுகத்தில் மூட்டை சுமந்து இறுகிய உடம்புகள். போன மாதம் சமவெளியில் அவர்களோடு மோதிய அணியின் நடு ஆளைப் பலகையில் கிடத்தித் தூக்கிப் போனார்கள். அவன் விரல்களால் இன்னும் டம்ளரைப் பிடிக்க முடியவில்லையாம். அதில் தவறு என்று எவரும் சொல்லவில்லை. எடை, அவ்வளவுதான்.

விதி ஒன்று இருந்தது. முன்வரிசையில் நிற்கத் தகுந்த ஆள் இல்லை என்று தலைவன் ஆட்டத்துக்கு முன்னால் நடுவரிடம் சொல்லிவிட்டால், அன்று ஸ்க்ரமில் எவரும் தள்ளக் கூடாது. ஆனால் அப்படிச் சொன்ன அணி பதினைந்து பேருக்குப் பதிலாகப் பதினான்கு பேரோடு ஆட வேண்டும். பனிமேடு ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. இந்த ஆட்டத்தில் தோற்றால் முதல் பிரிவிலிருந்து இறக்கிவிடுவார்கள்.

எல்லோரும் போன பிறகு தணிகை ஆசிரியையிடம் வந்தான். அவர் பந்துகளைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"எனக்குப் பயமா இருக்கு. அது போறதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

"எதுக்குப் பயம்?"

"தோத்துருவோம்னு."

"அப்புறம்?"

"ஊரு சிரிக்கும்னு."

"அப்புறம்?"

தணிகை தொழிற்சாலையின் புகைபோக்கியைப் பார்த்தான்.

ஆசிரியை சாக்கின் வாயைக் கட்டினார்.

"நாளைக்கு வா. உனக்கு இடம் மாத்தி வைக்கிறேன்."

மறுநாள் காலை மூடுபனி தரையோடு கிடந்தது. மணல் மூட்டைகள் ஏற்றிய இரும்புச் சறுக்கு வண்டியை இழுத்து வந்து நிறுத்தியிருந்தார்கள். அதை முட்டித் தள்ளித்தான் முன்வரிசை பழகும்.

"சவரி, நீ வெளிய நில்லு" என்றார் ஆசிரியை. "தணிகை, நடுவுல போ."

ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓரத்தில் ஓடுகிறவனை நடுவில் நிறுத்துவது, பாடகனை மேளம் அடிக்கச் சொல்வதுபோல.

"கேப்டன், பனியன்ல சேறு படும், பரவாயில்லையா?" என்றான் ஒப்பிலி. அணியிலேயே பருத்தவன். முன்வரிசையில் நடு ஆளை இடப்பக்கம் தாங்கி நிற்கும் தூண் அவன்.

"நீ பல்லு விளக்கினியான்னு மட்டும் சொல்லுடா" என்றான் தணிகை. "உன் வாயிலதானே நான் மூச்சு விடணும்."

சிரிப்பு எழுந்தது. வலப்பக்கத் தூணான காஜா மட்டும் சிரிக்கவில்லை.

"யாரும் தள்ளக் கூடாது" என்றார் ஆசிரியை. "பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. நான் சொல்றவரைக்கும்."

தணிகை இரு கைகளையும் இருவர் தோள்மேலும் போட்டான். குனிந்தான். இரும்பின் சில்லிப்பு காதோரம் உரசியது. பின்னாலிருந்து ஐந்து உடம்புகள் வந்து பொருந்தின. உலகம் அவன் கண்ணுக்குமுன் ஒரு சாண் புல்லாகச் சுருங்கிவிட்டது.

முதலில் மூக்கு அரித்தது. சொறியக் கை இல்லை. பிறகுதான் அவனுக்கு உறைத்தது: இப்போது ஒருவன் வழுக்கினால் கையை ஊன்றித் தடுக்க முடியாது, தலையை வெளியே எடுக்கவும் முடியாது. அவன் தலை அவனுடையதாக இல்லை. இந்த இருவருடையது.

பனிக்குள்ளிருந்து ஆசிரியையின் குரல் கேட்டது.

"காஜா, உன் தோள் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு அக்கா!"

குரல் திடமாகத்தான் இருந்தது. ஆனால் தணிகையின் கைக்குக் கீழே அந்தத் தோள், அடைமழையில் நின்ற கன்றுக்குட்டிபோல் நடுங்கிக்கொண்டிருந்தது. எலும்புக்குள்ளிருந்து வரும் நடுக்கம் அது. வெளியே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. தன் கழுத்தின் பாதி பாரம் அந்தத் தோளில்தான் தொங்குகிறது என்று நினைத்ததும் தணிகைக்கு மூச்சு முட்டியது.

"ஒப்பிலி, உனக்கு?"

"கல்லு மாதிரி இருக்கேன் அக்கா!"

ஒப்பிலியின் விலாவுக்குள் இதயம் கதவை இடிப்பதுபோல் இடித்தது.

"சரி. எழுந்திருங்க."

தணிகை நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது. ஆசிரியை அருகில் வந்தார்.

"என்ன தெரிஞ்சுது?"

"மூக்கு அரிச்சுது அக்கா. சொறிய முடியல."

எல்லோரும் சிரித்தார்கள். ஆசிரியை சிரிக்கவில்லை.

"அப்புறம்?"

தணிகை காஜாவைப் பார்த்தான். காஜா பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். கட்டியிருந்ததையே அவிழ்த்துக் கட்டினான்.

"ஒண்ணுமில்ல அக்கா."

"பயம் போச்சா?"

"ஜாஸ்தியாயிடுச்சு" என்றான் தணிகை. குரலில் கோபம் இருந்தது. "போறதுக்கு வழி கேட்டா, ஏத்தி விடுறீங்களே?"

ஆசிரியை சாக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார்.

அன்று பகல் பேருந்து நிலையத்தில் சவரியைத் தணிகை தனியாகப் பிடித்தான். சவரி தன் மகளுக்கு வாங்கிய பலூனைக் கையில் வைத்திருந்தான்.

"சவரி, கழுத்து எப்படி?"

"என்ன கேப்டன், நேத்து வட்டத்துலதான் சொன்னேனே. யாருக்கும் இல்ல."

"வட்டம் வேற. இப்ப நான் ஒருத்தன்தான் கேக்கறேன்."

சவரி பலூனின் நூலை விரலில் சுற்றினான். சுற்றியது நழுவியது. மறுபடியும் சுற்றினான்.

"இடது கையில ரெண்டு விரல் மரத்துப்போவுது. காலையில பாப்பாவைத் தூக்கினேன், பிடி நழுவிடுச்சு. அவ அம்மா மடியில விழுந்ததால தப்பிச்சா."

"ஏன்டா சொல்லல?"

"எல்லாரும் கேக்கற மாதிரி 'யாருக்கு வலி'ன்னு கத்தினா, எனக்குன்னு எப்படிக் கேப்டன் சொல்றது? அதுவும் இல்லாம…" சவரி நிறுத்தினான். "நான் டீ குடிக்கறப்ப நீங்க பாத்தீங்க. அப்புறம் உங்க டம்ளரைப் பாத்தீங்க. நீங்களும் நான் சொல்லாம இருக்கணும்னுதான் நினைக்கிறீங்கன்னு புரிஞ்சுக்கிட்டேன்."

தணிகை கழுத்தில் தொங்கிய விசிலைத் திருகினான்.

"நான் ஆடிடுறேன்" என்றான் சவரி. "இந்த ஒரு தடவை. என்னால பனிமேடு 'ஆள் இல்ல'ன்னு சொன்ன பேரு வேண்டாம். நீங்க என்னை வெளிய விட்டுடாதீங்க."

பேருந்து கிளம்பும் நேரம். தணிகை ஏறி விசில் ஊதினான். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவனுக்குத் தன் கழுத்தின் பாரம் தெரிந்தது.

ஞாயிறு விடிந்தபோது எதிர்மலை கண்ணுக்குத் தெரியவில்லை. நெய்தல்துறையின் பேருந்து பனியைக் கிழித்துக்கொண்டு வந்து நின்றது. ஒவ்வொருவராக இறங்க இறங்க, பேருந்து ஒரு விரற்கடை உயர்ந்ததுபோல் இருந்தது. அவர்கள் தலைவன் பெரியநாயகம் கையைத் தேய்த்தபடி வந்தான்.

"என்னப்பா தணிகை, கை உதறுது? குளிரா, நடுக்கமா?"

"குளிர்தான்" என்றான் தணிகை.

"பாத்து. எங்க பசங்க சூடேத்தி விட்ருவாங்க."

களத்தின் ஓரத்தில் குடைகளும் கம்பளிகளுமாக ஊர் கூடியிருந்தது. சவரி தன் பையைக் கவிழ்த்து எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

"என்னடா தேடற?"

"ஒண்ணுமில்ல கேப்டன்" என்றான் சவரி. நெற்றியில் வியர்வை.

வட்டம் கூடியது. தோள்கள் பிணைந்தன. தணிகையின் வலக்கை காஜாவின் தோள்மேல் விழுந்தது. அதே நடுக்கம். நேர் எதிரே சவரி. அவன் முகம் கெஞ்சியது.

ஊர் அமைதியானது. முழக்கத்துக்குக் காத்திருந்தது.

"யாருக்கு…" என்று தொடங்கினான் தணிகை.

பதினான்கு முகங்கள் அவனைப் பார்த்தன.

"எனக்குப் பயமா இருக்கு" என்றான்.

உரக்கச் சொல்லவில்லை. ஆனாலும் வட்டத்துக்கு அது கேட்டது. தேயிலைத் தொழிற்சாலையின் தகரக் கூரையிலிருந்து பனி சொட்டும் ஒலி மட்டும்.

"அப்பாடா" என்றான் ஒப்பிலி. "நான் மட்டும்தான்னு நினைச்சேன். ராத்திரி பூரா கக்கூஸ்லயே இருந்தேன் கேப்டன்."

யாரோ மூக்கால் சிரித்தார்கள்.

"தோள் ரெண்டு வாரமா சரியில்ல" என்றான் காஜா, தரையைப் பார்த்தபடி. "தூக்கினா குத்துது. சவரியைத் தாங்குவேனான்னு எனக்கே தெரியல."

சவரி மட்டும் பேசவில்லை. அவன் கண் கலங்கியிருந்தது.

நடுவர் வந்தார். ஒல்லியான மனிதர், விசிலைச் சட்டைப் பொத்தானில் கட்டியிருந்தார். வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்.

"பனிமேடு, முன்வரிசை மூணு பேரும் சரியா இருக்காங்களா?"

தணிகை திரும்பி ஆசிரியையைத் தேடினான். அவர் கோட்டுக்கு வெளியே கைகட்டி நின்றார். முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"இல்ல சார்" என்றான் தணிகை. "நடுவுல நிக்க எங்ககிட்ட ஆள் இல்ல."

நடுவர் அவனை ஒரு கணம் கூர்ந்து பார்த்தார். "அப்போ தள்ளு கிடையாது. உங்களுக்குப் பதினாலு பேர்."

"தெரியும் சார்."

செய்தி குடைக்குக் குடை தாவியது. சிரிப்பொலி கேட்டது. பிறகு ஒரு குரல்:

"வளையல் போட்டுக்கிட்டு ஆடுங்கடா!"

ஆசிரியை தம் வலக்கையை உயர்த்தி, சட்டைக் கையை விலக்கிக் காட்டினார். அதில் ஒரு வளையல் இருந்தது. கத்தியவன் குடையைத் தாழ்த்திக்கொண்டான்.

தள்ளாத ஸ்க்ரமில் நடுவில் எவரும் நிற்கலாம். தணிகை நின்றான். காஜாவின் பாரம் குறைவாக இருக்கட்டும் என்று தன் கையை இலேசாகப் போட்டான். எதிரே நெய்தல்துறையின் நடு ஆள் குனிந்தான். சமவெளியில் ஒருவனைப் பலகையில் கிடத்தியவன். எருமைக் கழுத்து. இருவர் தலையும் கோத்தன. அவன் கன்னம் தணிகையின் கன்னத்தில் உரசியது. தணிகை கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

காதருகே ஒரு முணுமுணுப்பு.

"நிஜமாவே தள்ள மாட்டீங்கல்ல?"

தணிகை கண்ணைத் திறந்தான். அந்தப் பருத்த கழுத்தில் ஒரு நரம்பு துடித்துக்கொண்டிருந்தது.

"மாட்டோம்" என்றான்.

எதிராளி விட்ட மூச்சு அவன் காதைச் சுட்டது.

பனிமேடு தோற்றது. பதினான்கு பேரால் மறைக்க முடியாத இடைவெளி ஒன்று களத்தில் எப்போதும் இருந்தது. நெய்தல்துறை அதன் வழியே போய்க்கொண்டே இருந்தது. ஆட்டம் முடியுமுன்பே பாதி ஊர் குடையை மடக்கிக்கொண்டு போய்விட்டது. முழக்கம் எழவில்லை. பேருந்து ஏறும்போது பெரியநாயகம் மறுபடியும் கேட்டான்:

"இன்னும் உதறுதே. குளிரா, நடுக்கமா?"

"ரெண்டும்" என்றான் தணிகை.

பெரியநாயகம் இம்முறை சிரிக்கவில்லை. அவன் தோளைத் தட்டிவிட்டு ஏறிக்கொண்டான்.

களம் காலியானது. ஆசிரியை சவரியைக் கூப்பிட்டு, தம் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து நீட்டினார். உள்ளே அவன் பல் கவசம் இருந்தது. அவன் பற்களுக்கென்றே வார்த்தது, இன்னொருவருடையது பொருந்தாது. அது இல்லாதவரை எந்த நடுவரும் களத்தில் விடமாட்டார்.

"காலையில இருந்து இதைத்தான் தேடினேன் அக்கா!"

"தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போ. காஜாவையும் கூட்டிக்கிட்டுப் போ."

சவரி போனான். தணிகை அந்த இடத்திலேயே நின்றான்.

"எப்ப எடுத்தீங்க?"

"வெள்ளிக்கிழமை. அவன் டீ குடிச்சப்ப."

"நீங்களும் பாத்தீங்களா?"

"நான் டம்ளருக்குள்ள பாக்கல."

தணிகையின் முகம் சிவந்தது.

"ஆள் இருக்குன்னு நான் சொல்லியிருந்தா?"

"அப்பவும் சவரி ஆடியிருக்க மாட்டான்" என்றார் ஆசிரியை. "நாளையிலேருந்து நீயும் கேப்டனா இருந்திருக்க மாட்டே."

இருவரும் பந்துகளைப் பொறுக்கிச் சாக்கில் போட்டார்கள். பனி மறுபடியும் இறங்கத் தொடங்கியிருந்தது. கடைசிப் பந்தை எடுக்கும்போது அது தணிகையின் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுத்தான். மறுபடியும் நழுவியது.

"அக்கா, பயம் போறதுக்கு வழி கேட்டேன். நீங்க பதிலே சொல்லல. இன்னும் போகல பாருங்க." இரு கைகளையும் நீட்டிக் காட்டினான். விரல்கள் நடுங்கின. "அடுத்த தடவையும் இப்படித்தான் இருக்குமா?"

ஆசிரியை அந்தக் கைகளைப் பார்த்தார். பந்தை எடுத்துச் சாக்கில் போட்டு, வாயைக் கட்டி, அவன் தோளில் ஏற்றிவிட்டார்.

"நடுங்கத் தெரியாத கையில எவன்டா தன் கழுத்தைக் கொடுப்பான்?"